வீட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆடும் கிளப்

ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தில், அத்லெடிக் கிளப் என்ற கால்பந்து அணியின் சான் மாமேஸ் ஸ்டேடியத்துக்கு முதல் தடவையாக ஆட வரும் அணிக்கு அங்கே ஒரு மரபு காத்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் அணித் தலைவர் ஒரு பூங்கொத்தோடு போய், ஒரு மார்பளவுச் சிலையின் முன் அதை வைத்து, தலை தாழ்த்தி நின்றுவிட்டு வருவார். எவ்வளவு பெரிய அணியாக இருந்தாலும் இந்த மரியாதை உண்டு. சிலை 1926-ல் வைத்தது. பழைய ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது சிலையும் கூடவே வந்துவிட்டது.

சிலையில் இருப்பவர் ரஃபாயேல் மொரேனோ அரன்சாதி. ஊர் அவரை அறிந்தது பிச்சிச்சி என்ற பட்டப்பெயரில்தான். குள்ளமான ஆள், தலையில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆடுவார். 1913 ஆகஸ்ட் 21 அன்று சான் மாமேஸ் திறந்தபோது அந்த மைதானத்தில் விழுந்த முதல் கோல் அவருடையது. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஸ்பெயின் வெள்ளி வாங்கிய அணியிலும் இருந்தார். 1922-ல் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது வயது 29. ஸ்பெயின் லீகில் ஒவ்வொரு சீசனிலும் அதிக கோல் அடிப்பவருக்கு இன்று தரும் விருதின் பெயர் 'பிச்சிச்சி'. மெஸ்ஸியும் ரொனால்டோவும் வாங்கியது இந்த மனிதரின் பெயரைத்தான்.

எனக்கு இதெல்லாம் தெரியாத காலம் ஒன்று இருந்தது. 2012 மார்ச்சில், மான்செஸ்டர் யுனைடெட்டைப் பார்ப்பதற்காக நள்ளிரவு தாண்டி விழித்திருந்தேன். யூரோபா லீக், ஓல்ட் டிராஃபோர்ட். எதிரணி பில்பாவோவிலிருந்து வந்திருந்தது. முதலில் கோல் போட்டது யுனைடெட்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பில்பாவோ பையன்கள் ஆடிய ஆட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பந்தைப் பறிகொடுத்தால் அடுத்த நொடியே மூன்று பேர் ஓடிவந்து சூழ்ந்துகொள்கிறார்கள். மூச்சு விட விடவில்லை. 3-2 என்று ஜெயித்துவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் மூன்றாவது கோலை அடித்த பையனுக்கு 19 வயது, பெயர் இகேர் முனியாயின். தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்தவர் போகிற போக்கில் ஒரு தகவல் சொன்னார்: இந்த அணியில் எல்லோரும் பாஸ்க் பகுதிக்காரர்கள், வெளி ஆட்களை எடுப்பதே இல்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து இந்தக் கிளப்பை விடவில்லை.

அத்லெடிக் கிளப் என்பதுதான் முழுப்பெயர். வெளியூர்க்காரர்கள் அத்லெடிக் பில்பாவோ என்கிறோம். ஸ்பெயினின் வடக்கில் நான்கு மாகாணங்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சில் மூன்று பகுதிகள், ஆக ஏழும் சேர்ந்ததுதான் பாஸ்க் நாடு. மொத்தம் 30 லட்சம் பேர் வாழும் இடம். அங்கே பிறந்தவர்கள், அல்லது அங்கேயே வளர்ந்து அங்குள்ள கிளப்களில் பந்து பழகியவர்கள் மட்டும்தான் இந்த ஜெர்சி போட முடியும். கிளப்பின் சட்டதிட்டத்தில் இப்படி ஒரு வரி எழுதப்படவில்லை என்பது வேறு விஷயம். வழக்கம்தான் சட்டம். நூறு வருஷத்துக்கு மேலாக அதை மீறத் துணிந்த தலைவர் யாரும் இல்லை. இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு ஆடியும் இவர்கள் கீழே இறங்கியதில்லை. 1929-ல் லீக் தொடங்கிய நாள் முதல் முதல் டிவிஷனை விட்டு ஒரு தடவைகூட இறங்காத அணிகள் மூன்றே மூன்று. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக். எட்டு தடவை லீக் ஜெயித்திருக்கிறார்கள். ஸ்பெயினின் அரசர் கோப்பையில் (கோப்பா டெல் ரே) இவர்களை விட அதிகம் வென்றது பார்சிலோனா மட்டுமே.

'மண்ணின் மைந்தர்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளே கொஞ்சம் நடுங்கும். யாரோ ஒருவரைத் தள்ளி வைப்பதற்காகத்தான் பெரும்பாலும் அந்தச் சொல்லை எடுக்கிறார்கள். ஆகவே, இந்தக் கிளப்பை நேசிப்பது சரிதானா என்ற கேள்வியோடுதான் இத்தனை வருஷமும் இதன் வரலாற்றைப் படித்து வந்திருக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. 'யார் நம்ம பையன்?' என்ற கேள்விக்கு இந்த ஊர் எல்லாக் காலத்திலும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

முதல் பதிலே வேடிக்கையானது. இந்தக் கிளப்பை ஆரம்பித்ததில் பாதி வெளியாட்கள். பில்பாவோவைச் சுற்றிய மலைகளில் இரும்புத் தாது. அதை நெர்வியோன் ஆற்றில் கப்பல் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து நிலக்கரி வரும். கரியோடு கூடவே கப்பல் கட்டும் தொழிலாளிகளும் சுரங்கக்காரர்களும் வந்தார்கள், அவர்களோடு பந்தும் வந்தது. அதே சமயம் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பில்பாவோ வீட்டுப் பையன்களும் அதே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்ததில் 1898-ல் உண்டானது இது. பெயரில் 'அத்லெடிக்' என்ற ஆங்கிலச் சொல் நிற்பது அதனால்தான்.

ஜெர்சியின் கதையும் அப்படித்தான். முதலில் நீலமும் வெள்ளையும் போட்டுக்கொண்டிருந்தார்கள், பிளாக்பர்ன் அணியைப் போல. 1909 கடைசியில் ஹுவான் எலோர்துய் என்பவர் இங்கிலாந்து போனபோது, புதுச் சட்டை வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்கள். தேவையான அளவு கிடைக்கவில்லை. வெறுங்கையோடு சவுத்தாம்டன் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தவர், அந்த ஊர் அணியின் சிவப்பு வெள்ளைச் சட்டையைக் கவனித்தார். பில்பாவோ நகரக் கொடியின் நிறமும் அதுவே. ஐம்பது சட்டையை வாங்கிக் கப்பலேறிவிட்டார். அதில் ஒரு பங்கு மாட்ரிட்டுக்குப் போனது. அங்கே படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் 1903-ல் தொடங்கிய கிளைக் கிளப்புக்கு. அந்தக் கிளைதான் இன்றைய அத்லெடிகோ மாட்ரிட். இரண்டு அணியும் ஏன் ஒரே ஜெர்சியில் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

1911 கோப்பைப் போட்டியில் இங்கிலாந்து ஆட்டக்காரர்களை இறக்கியது பெரிய தகராறில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளூர்ப் பையன்கள் மட்டும் என்ற வழக்கம் வேர்விட்டது. ஆனால் பயிற்சியாளருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அத்லெடிக்குக்கு ஆடச் சொல்லிக்கொடுத்த முதல் பெரிய ஆசான் ஃப்ரெட் பென்ட்லண்ட் என்ற ஆங்கிலேயர். வாயில் சுருட்டு, தலையில் கறுப்பு வட்டத் தொப்பி. பெரிய ஆட்டத்தை ஜெயித்தால் பையன்கள் ஓடிவந்து அந்தத் தொப்பியைப் பறித்து மிதித்து நொறுக்குவார்கள். அவருக்கு அதில் சந்தோஷம்தான். அவர் காலத்தில் 1930, 1931 இரண்டு வருஷமும் லீகும் கோப்பையும் சேர்ந்தே வந்தன. 1930 முதல் 1933 வரை நான்கு கோப்பை, வரிசையாக. 1931 பிப்ரவரியில் பார்சிலோனாவை 12-1 என்று அடித்தார்கள். அதில் ஏழு கோல் பாட்டா என்ற ஒரே ஆள். எத்தனை தொப்பி நொறுங்கியிருக்கும் அந்த வருஷங்களில்!

பிறகு உள்நாட்டுப் போர். பாஸ்க் அரசின் முதல் அதிபர் ஹோசே அந்தோனியோ அகிரே, இளவயதில் அத்லெடிக் ஜெர்சி போட்டு ஆடியவர். 1937-ல் அவருடைய அரசு ஒரு பாஸ்க் அணியைச் சேர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அத்லெடிக்கின் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அதில் போனார்கள். அவர்கள் சோவியத் ஒன்றியத்தில் இருந்தபோது இங்கே பில்பாவோ, பின்னாளில் ஸ்பெயினின் சர்வாதிகாரியான பிராங்கோவின் படையிடம் விழுந்தது. ஊர் திரும்ப வழியில்லை. கடல் தாண்டி மெக்சிகோ போய் அங்கே லீகில் ஆடினார்கள், பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். வென்றவர்களின் ஆட்சி 1941-ல் கிளப்பின் பெயரையும் மாற்றியது. அந்நியச் சொல் ஆகாது என்று 'அத்லெடிக்'கை 'அத்லெடிகோ' ஆக்கினார்கள். முப்பது வருஷம் அந்தப் பெயரோடுதான் இருந்தார்கள்.

ஆட்டக்காரர்கள் போய்விட்ட அந்த வெற்றிடத்தில்தான் தெல்மோ சர்ரா வந்தார். ரயில் நிலைய அதிபரின் மகன். அடுத்தடுத்துச் சேர்ந்த ஐந்து பேரின் முன்வரிசை உருவானது: இரியோந்தோ, வெனான்சியோ, சர்ரா, பனிசோ, கைன்சா. இந்த ஐந்து பெயரையும் இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் அந்தத் தலைமுறைக்கு இது வாய்ப்பாடு மாதிரி. இடது ஓரத்திலிருந்து கைன்சா பந்தைத் தூக்கிப் போடுவார், நடுவில் சர்ரா எழும்பி நெற்றியால் வலைக்குள் இறக்குவார். லீகில் 251 கோல், ஆறு தடவை பிச்சிச்சி விருது. 1950 உலகக் கோப்பையில் மரக்கானா மைதானத்தில் இங்கிலாந்தை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையது. அந்த 251 ஏறக்குறைய அறுபது வருஷம் அசையாமல் நின்றது. 2014 நவம்பர் 22 அன்று மெஸ்ஸி அதைத் தாண்டினார். அன்று எனக்கு, நான் பிறப்பதற்கு வெகு முன்பே ஆடி முடித்த ஒரு மனிதருக்காகத் தொண்டை அடைத்தது.

1958 கோப்பை இறுதிப் போட்டியைச் சொல்லாமல் போக முடியாது. எதிரணி ரியல் மாட்ரிட், டி ஸ்டெபானோ இருந்த அணி, ஒரு மாதத்துக்கு முன்புதான் தொடர்ந்து மூன்றாவது ஐரோப்பியக் கோப்பையை வாங்கியிருந்தார்கள். ஆட்டம் நடந்ததும் அவர்கள் சொந்த மைதானத்திலேயே. அத்லெடிக் 2-0. அந்த அணியை ஊர் இன்றும் 'பதினோரு கிராமத்தான்கள்' என்று பெருமையாகச் சொல்கிறது.

இந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே ஒரு நெருடலும் இருக்கிறது. அதே 1950-களில் பில்பாவோவில் மிகெல் ஜோன்ஸ் என்று ஓர் இளைஞன் இருந்தான். பிறந்தது அன்றைய ஸ்பானியக் காலனியான கினியில், ஃபெர்னாண்டோ போ தீவில். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் பில்பாவோ வந்துவிட்டது. பள்ளி, தெரு, நண்பர்கள், பந்து எல்லாம் பில்பாவோதான். அத்லெடிக் அவனை வரவழைத்துப் பார்த்தது, நட்பு ஆட்டத்திலும் இறக்கிப் பார்த்தது. எடுத்துக்கொள்ளவில்லை. பிறந்த இடம்தான் காரணம் என்றார்கள். நிறம்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. அவன் மாட்ரிட்டுக்குப் போனான், அதே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட அத்லெடிகோவுக்கு. 1962-ல் அவர்கள் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்களுக்கான கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் முதல் கோல் மிகெல் ஜோன்ஸ் அடித்தது. கிளப்பின் மீது எனக்குள்ள அன்பு குறையவில்லை. ஆனால் இந்த இடத்தை நான் ஒவ்வொரு தடவையும் மனத்தாங்கலோடுதான் கடக்கிறேன். அந்தப் பையன் அவர்களுடைய பிள்ளை. அவர்களுக்கு அது தெரியவில்லை.

ஹோசே ஆங்கெல் இரிபாருக்கு வருகிறேன். கோல்கீப்பர். கறுப்புச் சட்டை போட்ட நெடிய உருவம், மரத்தின் பெயரையே பட்டப்பெயராக வைத்தார்கள். 18 வருஷம், 614 ஆட்டம், கிளப்பில் யாரும் அந்த எண்ணைத் தாண்டவில்லை. அவருடைய எத்தனையோ நல்ல ஆட்டங்கள் இருக்க, நான் சொல்லப்போவது அவர் ஐந்து கோல் வாங்கித் தோற்ற ஒரு நாளை. 1976 டிசம்பர் 5, இன்னொரு பாஸ்க் நகரமான சான் செபாஸ்தியனில், அந்த ஊர் அணியான ரியல் சோசியதாதின் அடோச்சா மைதானம். பிராங்கோ இறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பாஸ்க் கொடியான இகுரின்யா இன்னும் தடையில்தான் இருக்கிறது, கையில் வைத்திருந்தால் சிறை. சோசியதாத் ஆட்டக்காரர் ஒருவரின் சகோதரி வீட்டில் உட்கார்ந்து அந்தக் கொடியைத் தைத்தார். போலீஸ் கண்ணில் படாமல் மைதானத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டு அணிகளும் வரிசையாக நுழைகின்றன. முன்னால் இரண்டு தலைவர்கள், சோசியதாதின் கோர்டபாரியாவும் அத்லெடிக்கின் இரிபாரும், ஆளுக்கொரு முனையில் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். மைதானத்தின் நடுவட்டத்தில் அதை விரித்து வைக்கிறார்கள். அந்தப் புகைப்படத்தில் இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அடுத்த மாதமே கொடி மீதான தடை நீங்கியது. அன்றைய ஆட்டத்தில் சோசியதாத் 5-0 என்று ஜெயித்தது. இரிபார் வாழ்நாளில் எந்தத் தோல்வியை மறந்திருந்தாலும் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்.

1980-களின் தொடக்கம் அந்தச் சின்ன நிலத்துக்கு வந்த பொற்காலம். 1981, 1982 லீக் சோசியதாதுக்கு, 1983, 1984 லீக் அத்லெடிக்குக்கு. அத்லெடிக்கின் பயிற்சியாளர் ஹாவியேர் கிளெமென்டே, பத்தொன்பது வயதில் கால் முறிந்து ஆட்ட வாழ்க்கையை இழந்த உள்ளூர்க்காரர். அணியின் ஆட்டம் முரட்டு ஆட்டம். மரடோனாவின் கணுக்காலை உடைத்த கோய்கோஎச்சேயா இந்த அணியில்தான் இருந்தார், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 1984 கோப்பை இறுதியில் பார்சிலோனாவை 1-0 என்று வென்றபோது மைதானத்தில் அடிதடியே நடந்தது. வெளியே ஊரின் நிலைமை வேறு மாதிரி இருந்தது. ஆலைகளும் கப்பல் தளங்களும் மூடிக்கொண்டிருந்தன, 1983 ஆகஸ்டில் வெள்ளம் வந்து பழைய நகரமே மூழ்கியது. அந்த வருஷங்களில்தான் கோப்பையோடு ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு கபார்ரா என்ற சரக்குத் தோணி ஆற்றில் வந்தது. ஆற்றின் இரு கரையிலும் வேலை போன தொழிலாளிகள், அவர்கள் பிள்ளைகள், பெண்கள், கிழவர்கள். இரும்பு போன அதே ஆற்று வழியில் கோப்பை வந்தது.

அதற்குப் பிறகு தோணி நாற்பது வருஷம் சும்மா கிடந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு ஐரோப்பாவே கதவைத் திறந்துவிட்ட காலம் அது. பாஸ்க் ஆட்கள் மட்டும் என்ற அதே வழக்கத்தை வைத்திருந்த சோசியதாத், 1989-லேயே ஜான் ஆல்ட்ரிட்ஜ் என்ற வெளிநாட்டவரை எடுத்து அதை விட்டுவிட்டது. அத்லெடிக் விடவில்லை. 2007-ல் கடைசி நாள் கடைசி ஆட்டத்தில் லெவான்டேயை வென்றுதான் முதல் டிவிஷனில் தப்பினார்கள். 2009, 2012, 2015 கோப்பை இறுதிகளில் பார்சிலோனாவிடம் தோல்வி. 2021 ஏப்ரலில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு இறுதிப் போட்டி, இரண்டிலும் தோல்வி. பக்கத்து ஊர் அணிகளுக்கு அத்லெடிக் மீது ஒரு குறை உண்டு. நாங்கள் வளர்த்த பிள்ளைகளைக் காசு கொடுத்து இழுத்துக்கொள்கிறார்கள் என்று. நியாயமான குறை என்றுதான் நினைக்கிறேன். எடுக்கக்கூடிய ஆட்கள் குறைவு என்றால் பக்கத்து வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதே கிளப்பில்தான் ஹோசேபா எச்சேபேரியா தன் கடைசி சீசனைச் சம்பளம் வாங்காமல் ஆடினார். 38 வயது அரிட்ஸ் அதூரிஸ் 2019 ஆகஸ்டில் மாற்று ஆளாக இறங்கி, அந்தரத்தில் படுத்தபடி திருப்பி அடித்துப் பார்சிலோனாவைத் தோற்கடித்தார். அடுத்த மே மாதம் இடுப்பு எலும்பு ஒத்துழைக்காமல் ஓய்வு பெற்றார்.

சர்ராவின் 251-ஐ மெஸ்ஸி தாண்டி இரண்டு வாரம் கழித்து, 2014 டிசம்பர் 6 அன்று அத்லெடிக்கில் ஒரு புதுப் பையன் அறிமுகமானான். இன்யாக்கி வில்லியம்ஸ். அப்பா அம்மா கானா நாட்டுக்காரர்கள். சஹாரா பாலைவனத்தைப் பெரும்பாலும் நடந்தே கடந்தவர்கள். சுடுமணலில் வெறுங்காலோடு நடந்ததில் அப்பாவின் உள்ளங்கால் வெந்துபோன தடம் இன்றும் போகவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மெலில்லா நகரத்தின் எல்லை வேலியை ஏறிக் குதித்தபோது அம்மாவின் வயிற்றில் இன்யாக்கி. பில்பாவோவுக்கு வந்து இறங்கிய அவர்களைத் தேடி வந்து உதவியது ஒரு பாதிரியார். அவர் பெயர் இன்யாக்கி. அந்தப் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். குழந்தைக்கு முதல் அத்லெடிக் ஜெர்சியைக் கொடுத்ததும் அதே பாதிரியார்தான். பாலைவனக் கதையை அம்மா மகனிடம் வெகுநாள் சொல்லவில்லை. அவன் வளர்ந்து ஆளான பிறகுதான் முழுவதையும் சொன்னார். அவனுக்கு முன்பே 2011-ல் ஹோனாஸ் ரமால்யோ அத்லெடிக்குக்கு ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆகியிருந்தார். முதல் கோல் அடித்தது இன்யாக்கி. 2016 ஏப்ரல் முதல் 2023 ஜனவரி வரை ஒரு லீக் ஆட்டத்தைக்கூட விடாமல் ஆடினார். எத்தனை ஆட்டம் தெரியுமா? 251. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சர்ரா நினைவு வந்தது.

2024 ஜனவரியில் இன்யாக்கி ஆப்பிரிக்கக் கோப்பைக்காக ஐவரி கோஸ்ட்டில் இருந்தார். கானாவின் கடைசி ஆட்டம் 22-ம் தேதி. 24-ம் தேதி சான் மாமேஸில் பார்சிலோனாவோடு கோப்பைக் காலிறுதி. விமானம் பிடித்து வந்து, மாற்று ஆளாக இறங்கி, கூடுதல் நேரத்தில் கோல் போட்டார். கடைசியில் தம்பி நிகோ இன்னொன்று போட்டு 4-2 என்று முடித்தான். அண்ணன் கானாவுக்கு ஆடுகிறான், தம்பி ஸ்பெயினுக்கு ஆடுகிறான், இருவரும் சேர்ந்து ஆடுவது பில்பாவோவுக்கு.

இறுதிப் போட்டி ஏப்ரல் 6, செவில்லியாவில், மயோர்காவோடு. நம் நேரத்தில் அதிகாலை ஒன்றரைக்குத் தொடங்கியது. மயோர்கா முதலில் போட்டது, சான்செட் சமன் செய்தார், கூடுதல் நேரமும் முடிந்தது. பெனால்டிக்கு வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தேன். அகிரெசபாலா ஒன்றைத் தடுத்தார், மயோர்காவின் இன்னொன்று மேலே பறந்தது. நான்காவதை பெரெங்கேர் வலைக்குள் போட்டார். நாற்பது வருஷம். கோப்பையைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவர் தலைவர் முனியாயின், ஓல்ட் டிராஃபோர்ட்டில் என் தூக்கத்தைக் கெடுத்த அதே பையன், இப்போது 31 வயது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஐந்து நாள் கழித்து கபார்ரா மீண்டும் ஆற்றில் இறங்கியது. கரையில் லட்சக்கணக்கான மக்கள்.

முனியாயின் அந்தக் கோடையிலேயே விடைபெற்றார். அடுத்த வருஷம் இன்யாக்கி வில்லியம்ஸ் அணித் தலைவர் ஆனார்.

மிகெல் ஜோன்ஸ் 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், பில்பாவோவில் இறந்தார். அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து, 2024-25 சீசனில், அதாமா போய்ரோ என்ற இடது பின்வரிசை ஆட்டக்காரர் அத்லெடிக்கின் முதல் அணியில் ஆடத் தொடங்கினார். பிறந்தது செனகலின் டாகரில். சின்னப் பிள்ளையாகப் பாஸ்க் பகுதியின் பாம்ப்லோனாவுக்கு வந்தவர், அங்கேதான் பந்து பழகியவர். பிறந்த ஊர் எது என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.